படி வைக்க மறந்த வீடு

பெட்ரோலுக்கு ரேஷன் வருவதற்கு முந்தி, சித்தூர் மதராசோடு இருந்த காலத்தில், என் வீட்டுக்காரர் ஒரு வீடு கட்டினார். நிலத்தில் இல்லை, துருப்பிடித்துக் கிடந்த ஒரு பஸ்ஸின் சட்டத்தின்மேல். கட்டில், அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய், ஜன்னலுக்கு என் பழைய சேலை. திருப்பதிக்கு வரும் பணக்கார யாத்திரைக்காரர்களை அதிலேயே படுக்கவைத்து, அதிலேயே ஆக்கிப்போட்டு ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் பெரிய ஆளாகிவிடுவாராம். அத்தனையும் செய்த மனிதர், ஏறுவதற்குப் படி வைக்க மறந்துவிட்டார். டயர்மேல் கால் வைத்துக் கதவைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறவேண்டும். கேட்டால் "நாளைக்கு வெக்கறேன்" என்பார்.

முதல் ஓட்டம் நாகலாபுரத்துக்கு, என்னைப் பெற்ற நைனாவிடம் என்று நான்தான் அடம்பிடித்தேன். நைனா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எனக்கும் ஒரு வாத்தியாரைத்தான் பார்த்து வைத்திருந்தார். நானோ ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடிக்கிறவரைக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு வந்தவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "அந்த கிரீஸ் கைக்காரன் வூட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்று சபை நடுவே சொல்லிவிட்டும் போனார். நைனா சொன்னால் வேதப்புத்தகத்தில் அச்சான மாதிரிதான். என் கையால் அவருக்கு ஒரு வாய் சோறு போட முடியவில்லையே என்று எனக்கு ஆறவே இல்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார், சரி. வீடே அவரிடம் போனால்?

விடியலில் கிளம்பினோம். ஐப்பசி மழையில் ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து கோடி போய்க்கொண்டிருந்தன. புத்தூர் தாண்டியதும் பக்கத்திலேயே மலை வந்து நின்றது. நான் பின்னால் உட்கார்ந்து, நைனாவுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்புச் சட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாதை பிரிந்த இடத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் இவர் வழி கேட்டார். வேலூர்க்காரரான இவருக்குத் தெலுங்கில் தான் புலி என்று நினைப்பு. நான் வாயைத் திறந்ததும், "நீ சும்மா இரு, எனக்குத் தெலுங்கு தெரியாதா?" என்று அடக்கிவிட்டார். அந்த அம்மாள் கையை நேரே நீட்டி, "ஏரு! ஏரு!" என்றாள். எதிரே ஆறு இருக்கிறது, பார்த்துப் போ என்று அர்த்தம். இவர் வண்டியை மலைப்பக்கம் திருப்பினார்.

"இன்னாங்க, எங்க போறீங்க?"

"அதான் ஏறு ஏறுன்னு சொல்லுதே!"

"ஐயோ, அது தெலுங்கு ஏருங்க! ஆறு, ஆறு!" என்று கத்தினேன். இன்ஜின் போட்ட கூச்சலில் என் கூச்சல் எடுபடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் குழம்பு கொஞ்சம் கொஞ்சமாக என் சேலைக்கு வந்தது.

உச்சியில் ஓர் ஆட்டுப்பட்டியோடு பாதை முடிந்துபோனது. ரேடியேட்டர் புகைந்தது. கீழே எங்கு பார்த்தாலும் ஏரித் தண்ணீர் மின்னியது. நாங்கள் போகவேண்டிய சாலை, ஆற்றைத் தாண்டி ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லா காத்து வருதுல்ல?" என்றார்.

இன்னா மனுசனய்யா! சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதிக் குழம்பு போன துக்கமும் அதில் இருந்தது.

இறங்கி வந்து ஆற்றைக் கடந்து நாகலாபுரம் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தெருவே கூடிவிட்டது. நைனா வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இவர் நல்ல பிள்ளையாக அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"சேலையெல்லாம் இன்னாம்மா குழம்பு?"

மலை ஏறிய கதையைச் சொன்னேன். நைனாவின் மீசை மட்டும் அசைந்தது.

"இதான் எங்க வூடு நைனா. உள்ள வந்து ஒரு வாய் துன்னு."

"படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்."

எனக்கு அழுகை முட்டியது. அழுகையோடு கோபமும் சேர்ந்துகொண்டது. "எங்க படி? காட்டு பாக்கலாம்! உன் மருமவன் படி வெக்கவே மறந்துட்டாரு!"

நைனா குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய் அங்கேயும் பார்த்தார். வாத்தியார் அல்லவா, விடைத்தாள் திருத்துகிற மாதிரி பார்த்தார். படி எங்கேயும் இல்லை.

"ஏறு நைனா" என்றேன்.

"எந்த ஏறு? தமிழா, தெலுங்கா?"

தெருவே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்காமல் மேலே ஏறி, கையை நீட்டிக்கொண்டு நின்றார். நைனா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டயர்மேல் கால் வைத்து, அதையே பிடித்து ஏறினார்.

கட்டிலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கரேலென்று கிரீஸ்.

"தண்ணி ஊத்தும்மா, ரெண்டு பேரும் கை கழுவறோம்" என்றார். "மாப்ளைக்கும் சோறு போடு."