தடைப் பட்டியலுக்குக் கீழே இருந்த பெட்டி

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். மாணவர்கள் தூங்காத வகுப்பு ஒன்றே ஒன்றுதான்: நரம்பு நச்சு. அதைக் கதை மாதிரிச் சொல்வேன். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன், ஜெர்மனியில் ஒருவர் பயிர்ப் பூச்சியைக் கொல்ல மருந்து தேடினார். ஒரு துளி சிந்தியது. அவர் கண்மணி சுருங்கியது, பார்வை மங்கியது, மூச்சு இறுகியது. பூச்சிக்குத் தேடியது மனிதனையும் கொல்லும் என்று தெரிந்ததும் ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. போருக்குப் பின் இங்கிலாந்தில் ஒரு பூச்சிமருந்தை விற்றுப் பார்த்து, விவசாயிக்கு ஆபத்து என்று திரும்பப் பெற்றார்கள். வயலுக்கு ஆகாதது போருக்கு ஆகும் என்று, அதன் வழியிலேயே இன்னும் கொடிய ஒன்றைச் செய்தார்கள். இந்த இடத்தில் வகுப்பே உச்சுக் கொட்டும். எனக்குப் பெருமையாக இருக்கும்.

நரம்பு கட்டளையிட்டால் தசை அசைகிறது. போதும் என்று நிறுத்துவதற்கு உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. இந்த நஞ்சு அந்த நொதியை முடக்கிவிடும். பிறகு எதுவும் நிற்காது. கண்ணீர், எச்சில், வியர்வை, தசைத் துடிப்பு. கடைசியில் மூச்சுத் தசை ஓய்ந்துபோகும். ஈராக்கில் குர்து மக்களின் ஊர் ஒன்றில் தாய்மார்கள் பிள்ளைகளோடு தெருவில் விழுந்து செத்தார்கள். டோக்கியோவில் வேலைக்குப் போனவர்கள் மீது, சாமியார் ஒருவரின் கூட்டம் அதை ரயிலிலேயே திறந்துவிட்டது. செய்யக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது என்று நாடுகள் கையெழுத்துப் போட்டன. சிரியாவும் போட்டது. அதற்குப் பிறகும் அங்கே மக்கள் நுரை தள்ளிச் செத்தார்கள். ஒரு கையில் பேனா, மறு கையில் நஞ்சுக் கிடங்கின் சாவி. இவர்களைவிடக் கேவலமான பிறவிகள் உண்டா என்று வகுப்பில் கேட்பேன்.

உண்டு. ஓய்வு பெற்றதும் அந்தப் பிறவி திண்டுக்கல் பேகம்பூரில் பூச்சிமருந்துக் கடை வைத்தது.

படித்தவர் கடை என்று கூட்டம் வந்தது. சில ஆண்டுகளில், அந்த நச்சுகளின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து ஒன்றை அரசு தடை செய்தது. தடைப் பட்டியலைச் சுவரில் என் கையாலேயே ஒட்டினேன். அதற்கு நேர் கீழே, மேசைக்கு அடியில், மிச்சமிருந்த பாட்டில்களைப் பெட்டியில் வைத்திருந்தேன். "அந்தப் பழைய மருந்தே குடுங்க சார், அதுதேன் கேக்குது" என்பார்கள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுப்பேன்.

எங்கள் பக்கத்தில் தெளிப்பானைச் சுமப்பவன் ஆண். மருந்தை வாளித் தண்ணீரில் ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக் கலப்பவள் பெண். அதாவது வீரியம் குறையாத சரக்கு அவள் தோலில்தான் படும். இது எனக்குத் தெரியும். கையுறை போடச் சொல்லு என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் மருந்தின் மேல் பயம் வந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மருந்து அடிக்கும்போது யாருக்காவது ஏதாவது ஆனால், ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். மருந்து கொடுத்தவருக்குத்தானே முறிவும் தெரியும் என்று கடைக்கு வருவார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகல். வத்தலக்குண்டு சாலையில் கத்திரிக்காய் போட்டிருந்த ஒருவர், லோடு ஆட்டோவில் மனைவியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். கையில் என் பாட்டில்.

"சார், மருந்து கலக்கிட்டு இருந்தவ அப்படியே உக்காந்துட்டா. வாயில தண்ணியா ஊத்துது. வெயிலு அடிச்சிருச்சா சார்?"

குனிந்து பார்த்தேன். நல்ல வெளிச்சம், என்றாலும் அவள் கண்மணி அளவுக்கு மீறிச் சுருங்கி, ஊசிமுனை போல் இருந்தது. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து காட்டிய கண்.

"வெயில்தான்" என்றேன். "வீட்டுக்குக் கொண்டுபோய் உப்புப் போட்டு மோர் குடு. பாட்டிலை இப்படிக் கொடு, நான் பாத்துக்கிறேன்."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பக்கத்துத் தோல் மண்டிக்காரர், நாங்கள் பாய் என்று கூப்பிடுபவர், மதிய லுஹர் தொழுகை முடிந்து வந்து கேட்டார்: "என்னா சார், வண்டியில யாரையோ கொண்டாந்தாகளாமே?"

"ஒன்றுமில்லை பாய், வெயில்."

"வெயிலுக்கு எதுக்குய்யா பூச்சிமருந்துக் கடைக்கு வாரான்?" என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "போனைக் குடுங்க. அந்த ஆளு நம்பரு எது? சொல்லுய்யா!"

அவர்தான் பேசினார். "ஏலே, மோரும் வேணாம், மண்ணும் வேணாம். பெரியாஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பு. நான் வாசல்ல நிக்கேன்."

அதற்குள் இரண்டு மணி நேரம் போயிருந்தது. கண்ணைப் பார்த்ததுமே பூச்சிமருந்து விஷம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். எந்த மருந்து, பாட்டில் எங்கே என்று கேட்டார்களாம். பாட்டில் அப்போது என் கடைக்குப் பின்னால் சாக்கடையில் கிடந்தது.

பல நாள் இயந்திரத்தில் மூச்சு விட்டுப் பிழைத்தாள். கைகால் விரல்கள் மட்டும் மரத்துப்போயின. யாரும் என்மேல் புகார் கொடுக்கவில்லை. புகார் என்ன, கணவர் ஒரு பை நிறையக் கத்திரிக்காய் கொண்டுவந்து, "ஒடனே மோர் குடுக்கச் சொன்னீகளே சார், அதுலதேன் உசுரு தங்குச்சு" என்றார். வாங்கிக்கொண்டேன். கடையை மூடினேன், முதுமை என்று காரணம் சொன்னேன். பாய் அன்று முதல் என்னோடு பேசுவதில்லை.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். கணவர் சந்தைக்குப் போயிருந்தார். அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் இடுக்கி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்: பெட்டி, ஊசிமுனைக் கண், சாக்கடை.

"தெரியும்" என்றாள். "பாய் அன்னைக்கே சொல்லிட்டாரு. இவுகதேன் நம்பல. படிச்சவரு அப்படிச் செய்வாரான்னு அவரோட சண்டைக்குப் போனாக."

செம்பை என் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இவுக குடுத்த கத்திரிக்காயத் தின்னீகளா?"

பொய் சொல்ல வாய் வந்தது. அடக்கினேன். "இல்லம்மா. குப்பையில போட்டேன். அதுக்கு என்ன மருந்து அடிச்சிருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம்கூட இல்லை.

"தண்ணியக் குடிங்க" என்றாள். "இதுல ஒண்ணும் கலக்கல. கலக்க எனக்குக் கை வராது."