வெதுவெதுப்பு

டப்பாவை வாங்கியதும் எங்கள் நர்ஸ் போடில் அதைப் பார்ப்பதில்லை. குளிருக்குக் காப்பிக் கோப்பையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொள்வாள். உள்ளே இருப்பது சிறுநீர். கையுறைக்கு மேலேயும் அவளுக்குச் சூடு தெரிந்துவிடும். பக்கத்தில்தான் வெப்பம் காட்டும் பட்டை ஒட்டியிருக்கிறதே என்றால், "அது கெடக்கட்டும், எனக்கு இதுதான் பழக்கம்" என்பாள். உடம்பிலிருந்து அப்போது இறங்கியது வெதுவெதுப்பாக இருக்கும். ஆறியிருந்தால் வேறு யாரோ கொடுத்தனுப்பியது.

எஸ்பியர் துறைமுகத்தில் காற்று ஓய்ந்த நாளே கிடையாது. எங்கள் பிரசவ வார்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வருவார்கள். எது சளி, எது ஹெராயின் கிடைக்காமல் ஒழுகுகிற மூக்கு என்று பிரித்துப் பார்ப்பது போடிலின் வேலை. ரத்த அழுத்தம் பார்க்கிற சாக்கில் முழங்கையின் உள்பக்கத்தைப் பார்ப்பாள். ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லிக் கண்மணியைப் பார்ப்பாள். "போடுறியா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "கடைசியா எப்பப் போட்ட?" என்றுதான் கேட்பாள், சாப்பிட்டாயா என்று விசாரிக்கிற குரலில். முக்கால்வாசிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

இத்தனை கெட்டிக்காரிக்கு ஓர் அசட்டுத்தனமும் உண்டு. சிறுநீர் பிடிக்கும்போது கழிப்பறைக்குள் கூடவே நின்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. இவள் நிற்பாள், ஆனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ஏதோ பாட்டை முனகுவாள். படுக்கை மாற்றுகிறவள் நான், எனக்கென்ன வந்தது. இருந்தாலும் சொல்லிப் பார்த்தேன். "ஒருத்தி பாத்துக்கிட்டே நின்னா உனக்கு வருமாடி?" என்று திருப்பிக் கேட்டாள்.

ரிக்கே என்ற பெண்ணிடம் இன்னும் இளகிப்போனாள். வயிற்றில் சுமந்தபோது ரிக்கே போட்டதெல்லாம் பிள்ளைக்கும் ஏறி, அது பிறந்ததிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தது. இப்போது தேறிவிட்டது. ரிக்கே சுத்தமாக இருந்தால் பிள்ளை அவளோடு வீட்டுக்குப் போகும். இல்லையென்றால் நகராட்சிக்காரர்கள் வேறு வீட்டில் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஊர்க் காலை ரொட்டியின் தலையெல்லாம் கசகசா. அபினிச் செடியின் விதைதானே, அதைத் தின்றாலும் சோதனையில் காட்டித் தொலைக்கும். மாட்டிக்கொண்ட எல்லாரும் "கசகசா ரொட்டி தின்னேன்" என்றுதான் சத்தியம் செய்வார்கள். இந்தப் பெண் அப்படிச் சொல்ல நேரக்கூடாது என்று போடிலே தினமும் வெறும் ரொட்டி வாங்கிவந்து, வெண்ணெய் தடவிக் கொடுப்பாள்.

நேற்று கடைசிச் சோதனை. நான் அந்த அறையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குப் பின்னிய கம்பளித் தொப்பியை ரிக்கே நாற்காலியில் தயாராக வைத்திருந்தாள். இருவரும் கழிப்பறையிலிருந்து வந்தார்கள். டப்பாவை வாங்கிப் பொத்திய போடில், வழக்கத்தைவிட அதிக நேரம் அப்படியே நின்றாள். இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் அவள் கைச்சூடே ஏறிவிடும். விட்டுத்தான் தொலையேன் என்று எனக்கும் ஒரு நப்பாசை.

"சில்லுனு இருக்கு ரிக்கே."

"ஜன்னல் தொறந்திருந்துச்சு."

அந்தக் கழிப்பறைக்கு ஜன்னலே கிடையாது. பாவி மகள், வேறு பொய்யா கிடைக்கவில்லை?

போடில் அதைத் தொட்டியில் கொட்டினாள். புது டப்பாவின் உறையைப் பிரித்து ரிக்கே கையில் வைத்தாள். ரிக்கே போட்டிருந்த மேல்கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தாள். அதன் பைக்குள் ஒரு காலிக் குப்பி தட்டுப்பட்டது. இருவரும் மறுபடி உள்ளே போனார்கள். கதவு சாத்துகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். போடில் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.