கன்னத்தில் ஒரு கமர்கட்டு

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் தாவீது மேசை மேலிருக்கும் டப்பாவைத் திறக்கிறார். ஒரு கமர்கட்டை எடுத்து இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார். அது கரைகிற வரைக்கும் அவரால் யாருக்கும் புத்தி சொல்ல முடியாது. வருகிறவர்கள் மனுஷனுக்குப் பல்வலி போல என்று முதலில் அவருக்கு ஆறுதல் சொல்கிறார்கள். "கிராம்பு வெச்சுப் பாருங்க சார்" என்றுதான் பாதிப் பேர் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் மெல்லத் தங்கள் கதைக்கு வருகிறார்கள்.

புதுவாயல் கூட்டுரோட்டில் கன்னியம்மா மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு நாற்காலி, வாசலில் காத்திருப்போருக்கு ஒரு பெஞ்சு. கல்கத்தா ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் மேசைக் கண்ணாடி நடுங்கும். கமர்கட்டு கன்னியம்மா கடைச் சரக்கு. "அடுத்தவன் கஷ்டத்த கேட்டு எனக்கு சுகர் ஏறிக்கினு போவுது" என்கிறார் தாவீது. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்று டாக்டர் கண்டித்திருக்கிறார். அதனால் ஒரு நாளைக்கு ஒருவரைத்தான் பார்க்கிறார். அதற்கு மேல் யாரும் வருவதும் இல்லை என்பதை அவரே சொல்லிவிடுகிறார்.

ஐம்பத்திரண்டு வயது. கும்மிடிப்பூண்டியிலும், பிறகு தேர்வாய் கண்டிகையிலும் தொழிற்சாலைகளில் ஷிப்ட் இன்சார்ஜாகவே காலம் தள்ளியவர். மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கத்திக் கத்தித் தொண்டை பெரிதாகிவிட்டது, அதே மெஷின் காதில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. "கேக்கற தொழிலுக்கு வந்துகிறேன், காது டமாரம். இன்னா பொருத்தம் பாரு!" போன் ஸ்பீக்கரில் போட்டால்தான் அவருக்கு உறைக்கும்.

வேலையை விட்டு மனநல ஆலோசகர் படிப்பில் சேர்ந்த முதல் நாள், வகுப்புக்குள் நுழைந்தவரைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்களாம். இவரும் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, நேரே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பு சிரித்து முடிக்க வெகு நேரமானது.

பயிற்சியில் வந்தது பெரிய வில்லங்கம். "எதிர்ல இருக்கறவங்கள நல்லா கேளுங்க சார்" என்றார் ஆசிரியை ஜோதிலட்சுமி. எதிரே இருந்தவர் மனைவி கோபித்துக்கொண்டு போன கதையைத் தொடங்கியிருந்தார். தாவீதும் நல்லாவே கேட்டார். "எத்தன மணிக்கு நடந்துச்சு? கூட யாரு இருந்தா? மொதல்ல கத்துனது யாரு?" தொழிற்சாலையில் விபத்து விசாரணைக்கு அவரைத்தான் உட்கார வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில், "ஹெல்மெட் போட்டிருந்தியா நைனா?" என்பதும் வாயில் வந்துவிட்டது. ஜோதிலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டு, "காதால கேளுங்க சார், வாயால இல்ல" என்றார். "தமிழ்ல ரெண்டுத்துக்கும் ஒரே வார்த்தய வெச்சிட்டு என்ன குத்தம் சொன்னா எப்டி?" என்று இன்றும் பொருமுகிறார். அன்று சாயங்காலம்தான் கமர்கட்டு கன்னத்துக்குள் போனது.

போர்டில் 'கவுன்சிலிங்' என்று எழுதியது அடுத்த கூத்து. ஜூன் மாதம் பூரா மார்க்‌ஷீட்டோடு அப்பாக்கள் படியேறி, எந்தக் காலேஜ் கிடைக்கும் என்று கேட்டார்கள். போர்டை மாற்றவில்லை. அவர்களையும் உட்கார வைத்தார். மகன் தன்னிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை என்று அவர்களில் ஒருவர் அழுதாராம். "அந்தாளுக்கு இன்னா சொல்றது? எங்கூட்லயே அதே பேஜாரு."

அந்தப் பேஜாருக்குப் பெயர் ஷைனி. ஒரே மகள், ஓசூரில் கம்பெனி வேலை. அப்பா போனை எடுத்தால், "சாப்ட்டியா டாடி? அம்மாகிட்ட குடு." அவ்வளவுதான். "ஹெலன்கிட்ட தனியா போன் இல்ல. வாரத்துல நாலு வாட்டி என் கையில போன் வரும், அத எடுத்துக்கினு போயி ஹெலன்கிட்ட குடுப்பேன். எனக்குத்தான் அந்த ஊட்ல தபால்காரன் உத்தியோகம்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "எம்பொண்ணு என்கிட்ட பேசணும். அதுக்குத்தான் படிச்சேன். இன்னும் பேசல."

இவரைப் பற்றி எழுதத்தான் போனேன். அரை மணியில் என் தம்பியோடு எனக்குள்ள மனத்தாங்கலை நானே கொட்டிக்கொண்டிருந்தேன். அன்றைய ஒரே கமர்கட்டு எனக்காகச் செலவாகியிருந்தது. அப்போது போன் அடித்தது. ஷைனி. நான் எழுந்து வாசல் பெஞ்சுக்குப் போனேன். என்ன போய் என்ன? கதவு திறந்தே இருந்தது, ஸ்பீக்கர் அங்கேயும் கேட்டது.

"டாடி, அம்மாகிட்ட குடு."

"அம்மா சாப்பாடு எடுத்துக்கினு வந்துக்கினே இருக்கும்மா. இன்னா விஷயம்?"

போனில் அழுகை கேட்டது. "முடியல டாடி. எங்க சூப்பர்வைசரு எல்லார் எதிர்லயும் கத்தறாரு. உன்ன மாதிரியே கத்தறாரு."

தாவீதின் முகம் கறுத்துவிட்டது. "அவன் பேரு இன்னா? எந்த ஷிப்ட்டு? நீ இன்னா..." என்று ஆரம்பித்தவர், பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். டப்பாவைத் திறந்தார். இடது கன்னத்தில் ஒன்று. அதுவும் போதாது என்று பட்டிருக்க வேண்டும், வலது கன்னத்தில் இன்னொன்று. டாக்டர் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

"டாடி, லைன்ல இருக்கியா?"

"உம்."

அவள் பேசினாள். சின்ன வயதில் அப்பா ஷிப்ட் முடிந்து வரும் வண்டிச் சத்தம் கேட்டாலே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததைக்கூடச் சொன்னாள். தாவீது கண்ணைத் துடைக்கவில்லை, "உம்" மட்டும் சொன்னார்.

ஹெலன் டிபன் கேரியரோடு படியேறி வந்தார். மகள் குரல் கேட்டதும் உள்ளே போய், வழக்கம்போலப் போனுக்குக் கையை நீட்டினார்.

இரண்டு கன்னமும் உப்பியிருக்க, தாவீது போனை மார்போடு அணைத்துக்கொண்டு, வெளியே பெஞ்சைக் காட்டினார்.