மூன்று தட்டு

கண்டிப் பக்கம், அம்பிட்டியவுக்கு அப்பால், மலைச்சரிவில் தேயிலைத் தொழிலாளர் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தில், வீரசிங்கம் மாமாவின் இருமலைக் கேட்டுத்தான் பொழுது விடிந்ததென்று தெரிந்துகொள்வோம். வேலைக்கு ஆள் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் அதற்குப் பிறகுதான் வரும்.

அவர் இதே லயத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் சித்தப்பா ஒருவரோடு கடல் தாண்டி, கோலார் தங்கவயலுக்குப் போனார். பதினாறு வருடம் அங்கே நிலத்துக்கு அடியில் பாறை துளைத்தார். இரண்டு மைல் ஆழம் என்பார். பாறையில் கை வைத்தால் சுடும் என்பார். அந்தப் பாறைத்தூள் நெஞ்சில் தங்கிவிட்டது. 1962இல் தாயைப் பார்க்க மூன்று மாத அனுமதியில் வந்தவர், திரும்பிப் போகவில்லை.

சில வருடங்களில் தோட்டத்துத் தமிழர்களான எங்கள் ஆட்களை, இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பக்கத்துக் காம்பராவில், ஒரு சுவர் தள்ளிக் குடியிருந்த தியாகராஜா அவரைச் சீண்டுவார்.

"ஊரே அங்க போகுது. நீங்க மட்டும் அங்கருந்து வந்து இங்க குந்தியிருக்கீங்க. அனுமதி இல்லாமத் தங்கின அசல் கள்ளத்தோணி நீங்கதான் மாமா."

"பதினாறு வருசம் மண்ணுக்குக் கீழ இருந்தாச்சு தம்பி. இனி செத்தாத்தான் கீழ போவேன்."

சொன்னபடியே இருந்தார். கிணற்றுச் சேறு அள்ளக் கூப்பிட்டால்கூட இறங்கமாட்டார். ரயில் கடுகண்ணாவைச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் கண்ணை மூடிக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வாராம். அவர் மனைவி வடிவம்மா அத்தையே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

1977 ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்தெடுக்கப் போன வருடம் அது. ஒரு காலை, பால் எடுக்க வரும் சிங்களவர் ஓடிவந்து, லொறியில் ஆட்கள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கீழே பாதையோரம் புகை தெரிந்தது.

தேயிலைக்குள் ஒளியலாம் என்றார் தியாகராஜா. ஆனால் முந்தின வாரம்தான் அந்த மலையைக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். ஒரு செடியும் முழங்காலுக்கு மேல் இல்லை.

லயத்துக்குப் பின்னால் பழைய காக்காப்பொன் குழி ஒன்று இருந்தது. பளபளக்கும் அந்தத் தகடுகளுக்காக யாரோ முன்பு மலையைக் குடைந்துவிட்டுக் கைவிட்டது. குகை போல உள்ளே நீளும். வீரசிங்கம் மாமா அதன் வாயில் போய் நின்றார். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

"மெழுகுதிரி ஒண்ணு குடுங்க."

சுடரைத் தரையோடு தாழப் பிடித்தபடி, குனிந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது சட்டை முழுக்க வேர்வை.

"சுடர் நின்னு எரியுது, காத்து இருக்கு. கூரையும் தாங்கும். வாங்க. உள்ள ஒண்ணும் எரியக் கூடாது, பீடியும் கூடாது. மூச்ச மெதுவா விடுங்க. நான் வெளிய கல்லால தட்டுவேன். ஒண்ணு தட்டினா அசையாதீங்க. மூணு தட்டினா வாங்க. அங்க சுரங்கத்துல அப்படித்தான் மணி அடிப்போம். மூணுன்னா மனுசன் ஏறுறான்னு அர்த்தம்."

"நீங்க?" என்றார் அத்தை.

"என் இருமல உள்ள வச்சிக்கிட்டு நீங்க எப்படி ஒளியிறது?"

கவ்வாத்தில் வெட்டிப் போட்டிருந்த மிலாறுக் குச்சிகளை இழுத்துப் போட்டுக் குழியின் வாயை மூடினார். உள்ளே கைக்குழந்தையோடு பதினான்கு பேர். கொஞ்சநேரம் கழித்துத் தியாகராஜாவின் மனைவி கமலம் அக்கா, முந்தானையில் முடிந்திருந்த கற்பூரத்தை எடுத்து, முருகனை நினைத்து ஏற்றிவிட்டார். சுவரெல்லாம் மின்னியது. அத்தை வெறுங்கையால் அதை அமுக்கி அணைத்தார்.

"சாமிதானே அத்த."

"அந்த மனுசன் சொன்னது சாமிக்கும் சேத்துத்தான்டி."

பிறகு ஆட்களின் சத்தம். கல்லில் ஒரு தட்டு கேட்டது. கமலம் அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டார். சிங்களத்தில் யாரோ அதட்டினார்கள். மாமா இருமத் தொடங்கினார். அப்படி அவர் இருமி நான் கேட்டதேயில்லை. பாறைக்குள் அது இடிபோல வந்தது. சட்டென்று நின்றது. அதன்பின் ஒன்றுமே இல்லை.

மிலாறு இடுக்கில் விழுந்த வெயில் என் காலிலிருந்து சுவருக்கு நகர்ந்தது. லயத்துக் கூரைத் தகரம் தீயில் வெடிக்கும் சத்தம் கேட்டது. தியாகராஜா எழுந்தார்.

"அவர அடிச்சுப் போட்டுட்டாங்க அத்த. நான் போய்ப் பாக்கிறேன்."

அத்தை அவர் வேட்டியைப் பிடித்தார். "மூணு தட்டல."

"இனி யாரு தட்டுவா?"

"உக்காருங்க." அத்தையின் குரல் உடைந்தது, பிடி தளரவில்லை.

வெயில் சுவரை விட்டும் போனபின் கேட்டது. ஒன்று. நெடுநேரம் கழித்து இரண்டு. மூன்று.

வெளியே லயம் கருகிக் கிடந்தது. மாமா பாறையில் சாய்ந்திருந்தார். சட்டையின் முன்பக்கமெல்லாம் இரத்தம்.

"எங்க அடிச்சாங்க?" என்று அத்தை அவரைத் தடவிப் பார்த்தார்.

"அடிக்கல. எல்லாரும் கண்டிக்கு ஓடிட்டாங்க, சீக்காளின்னு என்னய விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னேன். இருமினேன், ரத்தம் வந்துச்சு. சயரோகம்னு நெனச்சிக் கிட்டவே வரல. இந்தப் பக்கம் தேடவும் இல்ல."

அவரை உள்ளே வைத்திருந்தால் எங்களைக் காட்டிக்கொடுத்திருக்கும் நெஞ்சு அது.

தியாகராஜா தன் துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்துவிட்டார். மாமா அந்தத் துண்டை விலக்கிவிட்டு, குழியின் வாயையே பார்த்தார்.

"பதினாலு பேரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு மாமா."

அதைக் கேட்ட பிறகுதான் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டார்.