சிவப்புத் தட்டுக்கு ஒரு கரண்டி கூடுதல்

ஈயக்கா என்று கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். திரும்பிப் பார்த்து, "என்ன வேணும், சொல்லு" என்பார். ஆராய்ச்சிக்கூடத்தின் கடைக்கோடியில் அவருடைய சமையலறை. காலை எட்டரைக்கெல்லாம் பெரிய பாத்திரத்தில் சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் தளதளவென்று கொதிக்கும். கட்டி தட்டாமல் கிண்டி, உறைவதற்குக் கடற்பாசித் தூள் போட்டு, விரல் நீளக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி ஆற வைப்பார். சாப்பிடப் போகிறவை பழ ஈக்கள். ஒவ்வொன்றும் எள்ளளவுதான் இருக்கும்.

இந்த வேலைக்கு வருமுன் பதினோரு வருடம் ஒரு விடுதியில் முந்நூறு பேருக்குச் சமைத்தவர். உப்பு குறைச்சல், காரம் ஜாஸ்தி என்று தினம் ஒரு பஞ்சாயத்து. "இதுங்க தங்கம். ஒரு நாளாவது தட்டைத் தள்ளிவிட்டுட்டு எழுந்து போயிருக்கா?" என்பார்.

பஞ்சர் கடை வைத்திருக்கும் கணவர் மட்டும் விடமாட்டார். "உலகமே ஈயை விரட்டுது. என் பொண்டாட்டி விருந்து வைக்கிறா!"

"நீங்க கடையில ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கீங்க. யாராவது ஒருத்தர் அதுங்களுக்குச் சோறு போடணும்ல?"

கூடத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். அவரிடம் நடுக்குவாதத்தை ஆராய்கிற ஒரு மாணவி இருந்தாள். கை கால் நடுங்கி, நடை தளர்ந்து போகுமே, அந்த நோய். ஈக்களின் ஒரு மரபணுவைக் கெடுத்து அதே மாதிரி தள்ளாட்டத்தை அவற்றில் வரவழைத்திருந்தாள். ஒருநாள் குழாயை மேசையில் தட்டிக் காட்டினாள். நல்ல ஈக்கள் கீழே விழுந்த வேகத்தில் சரசரவென்று மேலே ஏறின. நோய் ஈக்கள் இரண்டு அடி வைத்தன, வழுக்கி விழுந்தன, மறுபடி ஏறப் பார்த்தன.

"ஏன்டி இப்படித் தவிக்குதுங்க?"

"செல்லுக்குள்ள அடுப்பு மாதிரி குட்டிக் குட்டியா நிறைய இருக்குக்கா. அதுலதான் தெம்பே வருது. பழுதான அடுப்பை உடம்பே அள்ளி வெளிய போட்டுடும். இதுங்களுக்கு அந்த வேலை நடக்கல. குப்பை சேந்துபோய் நரம்பு செத்துடுது."

அடுப்பு மக்கர் பண்ணினால் என்ன பாடு என்று ஈயக்காவைவிட யாருக்குத் தெரியும்! மறுநாள் நல்ல ஈக்களின் வெள்ளைத் தட்டுக் குழாய்களுக்கு எப்போதும்போல ஊற்றினார். நோய் ஈக்களின் சிவப்புத் தட்டுக்கு ஊற்றும் முன் மட்டும், பாத்திரத்தில் ஒரு பெரிய கரண்டி ஈஸ்ட்டைக் கூடுதலாகப் போட்டுக் கிண்டினார். உடம்பு முடியாதவர்களுக்குக் கொஞ்சம் சத்தாகக் கொடுப்பது சமைக்கிறவர் கையில் ஊறிப்போன பழக்கம். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு மத்தியானம் மாணவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எல்லாம் போச்சுக்கா. நோய் ஈயெல்லாம் ஏறுது."

"ஏறுதா? நல்லதுதானே!"

"நல்லதா? மருந்தே குடுக்கலக்கா, அதுங்க ஏறவே கூடாது! நல்ல ஈ எங்கயோ உள்ள கலந்துடுச்சு. இனி இந்த வம்சத்தையே நம்ப முடியாது. மேடம் எல்லாத்தையும் ஸ்பிரிட்ல போட்டு அழிச்சிடச் சொல்லிட்டாங்க. ரெண்டு வருஷ வேலை. மூணு மணிக்குக் கொட்டப் போறேன்."

ஈயக்கா நிமிர்ந்து பார்த்தார். சுவரில் மணி இரண்டே முக்கால். சொன்னால் வேலை போய்விடும். அளவு மாறக்கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சொல்லாவிட்டால் அத்தனை ஈயும், இந்தப் பெண்ணின் இரண்டு வருடமும் சாராய நாற்றத்தில் மிதக்கும்.

கையைத் துடைத்துக்கொண்டு நேரே மேடம் அறைக்குள் போனார். கதவைக்கூடத் தட்டவில்லை.

"எதுவும் கலக்கலம்மா. நான்தான். சிவப்புத் தட்டுக்கு ஒரு கரண்டி ஈஸ்ட் கூடப் போட்டேன். ரெண்டு மாசமா."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"பாவமா இருந்துச்சு."

பின்னாலேயே ஓடி வந்த மாணவி, "அக்கா!" என்று கத்திய கத்தலில் கோபம், அழுகை, சிரிப்பு மூன்றும் இருந்தன. ஈயக்கா மனதுக்குள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியே விட்டார்.

"ஸ்பிரிட்டை மூடி வைங்க" என்று மாணவியிடம் சொல்லிவிட்டு மேடம் ஈயக்காவிடம் திரும்பினார். "நீங்க பண்ணது பெரிய தப்பு. ஆனா நிஜமாவே சாப்பாடுதான் காரணமான்னு தெரியாம எதையும் கொட்டக்கூடாது. இன்னொரு தடவை சமைப்பீங்களா? இந்தத் தடவை அளந்து."

ஈயக்கா அன்று சமைத்ததைப்போல் எந்தக் கல்யாணத்துக்கும் சமைத்திருக்க மாட்டார். தராசில் வைத்து, ஈஸ்ட் வழக்கமான அளவில் ஒரு பாத்திரம், கூடுதலாக ஒரு பாத்திரம். குழாய்களில் மேடம் எண் ஒட்டினார். எது எதுவென்ற பட்டியல் அவர் மேசைக்குள் பூட்டப்பட்டது. நோய் ஈக்களின் முட்டைகள் இரண்டிலும் வளர்ந்தன.

சில வாரம் கழித்து எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். மாணவி குழாயைத் தட்டுவாள், பத்து விநாடி பார்ப்பாள், குழாயில் வரைந்த கோட்டைத் தாண்டிய ஈக்களை எண்ணிச் சொல்வாள். ஒரு குழாயில் இருபதில் நாலு. அடுத்ததில் பதிமூன்று. ஐந்து. பதினாலு. எண்ணி முடித்ததும் மேடம் பட்டியலை விரித்தார். நாலும் ஐந்தும் வந்தவை வழக்கமான சாப்பாடு; பதிமூன்றும் பதினாலும் வந்த குழாய் ஒவ்வொன்றும் கூடுதல் ஈஸ்ட்!

மாணவி ஈயக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, இருவரும் நாற்காலியில் மோதினார்கள்.

"கலக்கலக்கா! என் ஈ ஒண்ணும் கலக்கல!"

"அப்ப மனுஷங்களுக்கும் ஈஸ்ட் குடுத்தா சரியாயிடுமா?" ஈயக்கா மூச்சு வாங்கக் கேட்டார்.

"ஐயோ, அவசரப்படாதீங்க" என்று மேடம் சிரித்தார். "ஈ வேற, மனுஷன் வேற. ஈஸ்ட்ல இருக்கிற எது அந்த அடுப்பைக் காப்பாத்துது, அதை முதல்ல கண்டுபிடிக்கணும். இன்னும் பல வருஷம் ஆகும். தினம் ரெண்டு பாத்திரம் வேணும். சம்மதமா?"

"சம்மதம்." ஈயக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாதாரணச் சாப்பாட்டுக் குழாய்களைப் பார்த்தார். உள்ளே ஓர் ஈ வழுக்கி விழுந்து மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. "இதுங்களுக்கும் லேசா ஒரு சிட்டிகை..."

"அக்கா!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.