அம்மன் கிடாய்க்குக் கட்டிய பட்டு

செம்மறியில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். மறிக்குட்டியை அவசரப்பட்டுக் கிடாயோடு சேர விட்டால் தாயும் வளராது, பிறக்கும் குட்டியும் தேறாது. முந்தின வருடம் அப்படித்தான், எலிக்குட்டி போல இரண்டு பிறந்து, பால் போதாமல் செத்துப் போயின. அதனால் இந்த முறை என் இளம் மறிகள் இரண்டும் உடம்பு பிடிக்கும்வரை கிடாய் வாடையே படக்கூடாது என்று இருந்தேன். தவிடும் புண்ணாக்கும் வைத்தேன். வாவிக்கரைப் பூவரசங்குழை ஒடித்துப் போட்டேன். பூச்சி மருந்தும் பருக்கினேன்.

அடுத்த வளவு மச்சாளுக்கு ஒரே சிரிப்பு.

“என்ன மச்சாள், குமருகள் ரெண்டுக்கும் சீதன வீடு எப்ப கட்டுறீங்க?”

“உன்ர கிடாய் ஒழுங்கா இருந்தா நான் ஏன்கா காவல் கிடக்கிறன்?”

அந்தக் கிடாய் அவள் அம்மனுக்கு நேர்ந்து விட்டது. நேர்ந்த கிடாயைக் கட்டி வைக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. அது வேலியைப் பிரித்துக்கொண்டு என் மறிகளிடம் வந்து நிற்கும்.

கட்டி வைக்கத்தான் கூடாது. உடுத்திவிடக் கூடாது என்று யார் சொன்னது? என் பழைய சிவப்புப் பட்டைக் கிழித்து, வயிற்றுக்குக் கீழே தொங்கும்படி அதற்குச் சுற்றிவிட்டேன். இனி அது ஏறினாலும் காரியம் நடவாது.

ஊர் அதை நேர்த்திக்கடன் என்று எடுத்துக்கொண்டது. மச்சாளும் ஒரு மஞ்சள் துணியைக் கொண்டுவந்து, என் பட்டின் மேலேயே இறுக்கி முடிந்துவிட்டாள். மகளுக்குக் கல்யாணம் சரிவர வேண்டுமாம்.

மறிகள் முதுகு அகன்று, மினுமினுவென்று வளர்ந்து வந்தன. இனிச் சேர விடலாம் என்று பட்டை அவிழ்க்கப் போனேன்.

“தொடாதீங்க மச்சாள்! நேர்த்தி நிறைவேறாம அவிழ்த்தா குத்தம்.”

“உன்ர மகளுக்கு எப்ப சரிவரும்?”

“அது அம்மாளுக்குத்தான் தெரியும்.”

அதுவரை என் மறிகள் காத்திருக்குமா? மறுநாளே பஸ் ஏறிக் குருக்கள்மடம் போனேன். தம்பி மனைவியின் வழியில் ஒரு பொடியன் இருந்தான். குடி இல்லை, சொந்த வயல் உண்டு.

“அப்படி என்ன அவசரம்?” என்று அவன் தாய் கேட்டாள்.

ஆட்டுக்காக என்று சொல்ல முடியுமா? “நல்ல காரியத்தப் பிந்த விடப்படாது” என்றேன்.

நிச்சயமான அன்றே மச்சாள் தன் கையால் மஞ்சளை அவிழ்த்தாள். நான் பட்டை அவிழ்த்தேன். படலை திறந்துதான் கிடந்தது. கிடாய் அதைப் பார்க்காமல் வேலி பாய்ந்தது.

கல்யாணமும் முடிந்து, மச்சாளின் மகள் முழுகாமல் இருக்கும்போது என் மறிகள் ஈன்றன. பிறந்த கையோடு எழுந்து நின்று மடி முட்டிய குட்டிகள். மச்சாள் ஒன்றைத் தூக்கினாள், பாரத்தில் அவள் கை தாழ்ந்தது.

“உண்மையச் சொல்லுங்க மச்சாள். மாப்பிள்ள தேடினது என்ர மகளுக்கோ, இதுகளுக்கோ?”

“ரெண்டு பக்கமும் நல்லாத்தானேகா இருக்கு” என்றேன்.