தலையாட்டாதவள்

ஒருவர் கற்றுக்கொண்ட விஷயம் எந்த இடத்தில் அவருடையதாகிறது? புத்தகத்தை மூடிய பிறகும் நினைவில் நிற்கும்போதா, தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கும்போதா, இன்னொருவருக்குச் சொல்லிப் புரியவைக்கும்போதா? இதற்குப் பதில்கள் நிறைய உண்டு. பெரும்பாலானவை கேள்வியைவிடச் சுலபமானவை. நான் சொல்லப்போகும் பெண் எந்தப் பதிலும் சொல்லவில்லை. அவள் எப்படிப் படித்தாள் என்பதைக் கேட்ட பிறகு எனக்குக் கேள்வி இன்னும் கொஞ்சம் இறுகிப்போனது, அவ்வளவுதான்.

அவளை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவள் டீச்சர் இல்லை, பள்ளி முடித்து நேராக ஐந்தாண்டு முதுநிலை இயற்பியலில் சேர்ந்த மாணவி. பல்கலைக்கழகத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஓர் அறை. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேஜை லேசாக நடுங்கும். அதே வகுப்பில் படித்த இன்னொருத்தியும் உடன் தங்கியிருந்தாள். கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவள் உள்ளே வந்த நாள் குறைவு என்பதால் அவளுக்கு நெட்டை என்று பெயர். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி நெட்டை சொன்னது. எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. பல இடங்களில் குறைத்துத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

முதல் பருவத்தில் டீச்சர் இரண்டு தாள்களில் தோற்றாள். பள்ளி முழுக்க மனப்பாடத்தாலேயே முதலிடம் வந்தவள் அவள். இங்கே கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். திரும்பவும் தோற்றால் துறையில் இடம் போய்விடும். தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் அப்பா, கடையைப் பூட்டிவிட்டுப் பேருந்து ஏறி வந்தார். திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"உனக்கு வேணாம்னா வந்துடும்மா. ஆனா எம் பொண்ணு விஞ்ஞானி ஆகப்போறான்னு வர்ற கஸ்டமர்கிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு மட்டும் யோசிச்சுச் சொல்லிட்டு வா."

"வரலப்பா. படிக்கிறேன்."

"படி. நான் ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லாத அந்தப் பேச்சு அவளை நன்றாகவே பிடித்துக்கொண்டது. அந்த வாரமே அவள் படிக்கும் முறையை மாற்றினாள். அறையில் மேஜையோடு ஒரு மர நாற்காலியும், விளிம்பு விரிசல் விட்ட ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியும் இருந்தன. பிளாஸ்டிக் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டாள். பாடத்தை ஒரு முறை படிப்பாள், புத்தகத்தை மூடுவாள், காலி நாற்காலியைப் பார்த்து விளக்க ஆரம்பிப்பாள்.

இது புதிய உத்தி இல்லை. படிக்கும் பிள்ளைகளுக்கு யாராவது ஒருவர் எப்போதும் சொல்லும் யோசனைதான். ஆனால் இதைச் செய்கிறவர்கள் எல்லோரும் எதிரே நல்ல பிள்ளை ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அது தலையாட்டுகிறது, இவர்களும் திருப்தியோடு எழுந்துவிடுகிறார்கள். டீச்சர் அப்படிச் செய்யவில்லை. ஒன்றுமே தெரியாத, பிடிவாதம் பிடித்த, மரியாதைக்குக்கூடத் தலையாட்டாத ஒருத்தியை அவள் அங்கே உட்கார வைத்தாள். மக்கு என்று பெயரும் வைத்தாள்.

நெட்டை குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தபோது முதல் முறையாக அதைப் பார்த்தாள்.

"எவகிட்டடி பேசிட்டிருக்க?"

"மக்குகிட்ட."

"நான் இப்பதானே உள்ள வரேன்?"

"உன்னச் சொல்லல. நீ புரியாமலே தலையாட்டுவ. இவ ஆட்ட மாட்டா."

"அப்ப இவளையே பரீட்சைக்கும் அனுப்பிடு. ஹால் டிக்கெட்ல போட்டோ மட்டும்தான் பிரச்சினை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டீச்சர் சிரித்து முடித்ததும் நாற்காலியை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். அதுவும் சிரிக்கிறதா என்று பார்ப்பது போல இருந்தது என்றாள் நெட்டை. அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டதாம்.

பலன் கிடைத்தது. அடுத்த பருவத்தில் எல்லாத் தாள்களிலும் தேறினாள், அதற்கடுத்ததில் வகுப்பில் முதலிடம். நெட்டை இரண்டாவது. வெப்பவியல் பாடத்தை டீச்சர் மக்குக்குச் சொல்லிக்கொடுத்த விதம் நெட்டைக்கு இன்னும் நினைவிருக்கிறது. "பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் வரிசையா நிக்கறாங்க. பஸ் வந்ததும் கலைஞ்சுடறாங்க. பஸ் போனப்புறம் அதே வரிசை தானா வருமா? வராது. கலையறதுக்கு ஆயிரம் வழி இருக்கு, வரிசைக்கு ஒரு வழிதான் இருக்கு." சொல்லிவிட்டு நிறுத்துவாள், காத்திருப்பாள். பிறகு, "இல்ல, அப்படி இல்ல," என்று வேறு பக்கத்திலிருந்து ஆரம்பிப்பாள். மக்கு கேட்ட கேள்வியை அவள் திருப்பிச் சொல்வதில்லை. பதிலை வைத்துத்தான் நெட்டை கேள்வியை ஊகித்துக்கொள்ள வேண்டும். முதலில் எல்லாம் அசட்டுக் கேள்விகள்.

மூன்றாம் ஆண்டில் பதில்கள் குறைந்தன. காத்திருக்கும் நேரம் நீண்டது. "தெரியல," என்று டீச்சர் நாற்காலியிடம் சொல்வது அடிக்கடி கேட்டது. ஒரு முறை, "கலைஞ்சுதுன்னு யார் சொல்றதுன்னா, பாக்கறவதான். வேற யாரு?" என்றாள். பிறகு எதையோ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மிக மெதுவாக, "ஓ," என்றாள்.

அந்தப் பருவத் தேர்வில் ஒரு கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது. வகுப்பில் யாரும் அதைத் தொடவில்லை. டீச்சர் மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள், எல்லாம் சரி. இருவருக்கும் ஒரே நூலகம், ஒரே புத்தகம், ஒரே குறிப்பு. படிக்கட்டில் வைத்து நெட்டை கேட்டாள்.

"அத எங்கடி படிச்ச?"

"படிக்கல."

"பின்ன?"

"கேட்டேன், சொன்னா."

"யாரு?"

டீச்சர் செருப்பு வாரைச் சரிசெய்தபடி, "நீ வேற," என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சில நாள் கழித்து ஒரு மதியம். நல்ல வெயில். ஆய்வகம் சீக்கிரம் முடிந்து நெட்டை அறைக்கு வந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டீச்சரின் குரல் கேட்டது, ஆனால் பேச்சு அவளுடையதாக இல்லை. தயங்கித் தயங்கி, முதல் வகுப்புக் குழந்தை போல, "அப்போ சூடு எங்க போகுது?" என்றது. நீண்ட மௌனம். "சரி, அப்புறம்?" மறுபடி மௌனம். ஒருவர் பொறுமையாக விளக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

நெட்டை கதவைத் தள்ளினாள். டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன. வாய் சற்றுத் திறந்திருந்தது. மேஜையோரம் இருந்த மர நாற்காலி அவளைப் பார்த்துத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அதில் யாரும் இல்லை. கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடவில்லை. மேஜை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இரு," என்றாள் டீச்சர், திரும்பாமல். "இப்பதான் புரிய ஆரம்பிக்குது."

யாரை இருக்கச் சொன்னாள் என்பது நெட்டைக்கு விளங்கவில்லை. அவள் உள்ளே போகவும் இல்லை. கடைக்கு இறங்கிப்போய், தேவையில்லாத எதையோ பிரதி எடுத்துக்கொண்டு நின்றாள்.

மாலையில் டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி மொட்டை மாடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகு அறையில் சத்தமாகப் படிப்பது நின்றது. நின்றும் முதலிடம் போகவில்லை. நெட்டையை உறுத்தியது அதுதான். வேறொன்றும் இருந்தது. சின்ன விஷயம் கேட்டால்கூட, கடையில் எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டால்கூட, டீச்சர் பதில் சொல்வதற்கு முன் தன் வலது பக்கம் லேசாகத் தலையைச் சாய்ப்பாள். அப்புறம் சரியாகச் சொல்வாள். "அந்தப் பொண்ணுக்கு ஒரு காது கேக்காதா?" என்று ஜெராக்ஸ்காரர் விசாரித்தார்.

ஆண்டுதோறும் முதல் மாணவர்களைக் கூப்பிட்டுப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேசச் சொல்வது துறையின் வழக்கம். எப்படிப் படித்தாய், என்ன பழக்கம், வெற்றிக்கு என்ன காரணம் என்பதுதான் பேச்சு. பொதுவாக அங்கே பேசப்படுவது எனக்கு உவப்பானதல்ல. ஒருவர் தன் வெற்றிக்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் தனக்கு அடையாளம் தெரிந்த காரணமாகவே இருக்கிறது. நெட்டை நேர அட்டவணையைப் பற்றிப் பேசினாள். டீச்சர் காலி நாற்காலியைப் பற்றி மட்டும் சொன்னாள், அதுவும் சுருக்கமாக. முன்வரிசையில் ஒரு முதலாண்டு மாணவி எழுந்தாள்.

"அக்கா, எதுத்தாப்புல இருக்கறவங்களுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

டீச்சர் தலையைச் சாய்த்தாள். "கேக்கறத நிறுத்திடுவாங்க. அப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

அரங்கம் சிரித்தது. துறைத்தலைவர் அம்மாவும் சிரித்தார்.

அந்த முதலாண்டு மாணவி விடுதியில் இருந்தவள். சில வாரம் கழித்து நூலக வாசலில் இருவரையும் நிறுத்தினாள். முகம் மலர்ந்திருந்தது.

"அக்கா, உங்க நாற்காலி சூப்பர். வெப்பவியல் எல்லாம் தண்ணி மாதிரி வருது."

"நல்லது," என்றாள் நெட்டை.

"பஸ் ஸ்டாண்டு வரிசைய வச்சுப் பாத்தா எவ்ளோ ஈசி, இல்லக்கா? கலைய ஆயிரம் வழி."

டீச்சர் அவளையே பார்த்தாள். "அத யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. நாற்காலியப் பாத்து உக்காந்தேன், நான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தோணுச்சு." பெண் கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்ணும் தோணுச்சு. சிரிக்கக் கூடாது. மொட்டை மாடியில வெயிலா இருக்குன்னு. ஏன்னே தெரியல. எங்க விடுதியில மாடிக்குப் போற வழியப் பூட்டி வச்சிருப்பாங்க."

ஒரே பேராசிரியர், ஒரே பாடம், இரண்டு பேருக்கு ஒரே உவமை தோன்றுவதில் அதிசயம் இல்லை என்று வாதிடலாம். நெட்டையும் அன்றைக்கு அப்படித்தான் வாதிட்டாள். வெயிலைப் பற்றி அவளுக்கு வாதம் எதுவும் கிடைக்கவில்லை. டீச்சர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் எழுதின பதில் எதையாவது, இது என்னோடதுதான்னு உன்னால காட்ட முடியுமா?" என்றாள். நெட்டை, "போடி, பயமுறுத்தாத," என்றாள்.

முதுநிலை முடிந்தபோது முனைவர் ஆய்வுக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. உதவித்தொகையோடு, பின்னால் அதே துறையில் வேலைக்கும் வழி உண்டு. டீச்சருக்கு அது வேண்டும். மூன்று வருடமாக அவள் அப்பாவிடம் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். நேர்காணலுக்கு முதல் நாளே அவர் வந்துவிட்டார். புதுச் சட்டை, அதன் மடிப்பு கலையக் கூடாது என்று சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடினமானவர் என்று பெயர். அவர் கேட்டதற்கெல்லாம் டீச்சர் பதில் சொன்னாள். கடைசியாக அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "பாடத்த விடும்மா. இந்த ஆய்வுல நீ எதத் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படற?" என்று கேட்டார்.

அவள் தலையைச் சாய்த்தாள். இந்த முறை வெகு நேரம் ஆனது. துறைத்தலைவர் அம்மா, "இவ இப்படித்தான் சார், யோசிச்சுதான் பேசுவா," என்று இடையில் புகுந்தார். டீச்சர் மறுபடி அவர்களைப் பார்த்தபோது முகம் வெளுத்திருந்தது என்று அவரே பிற்பாடு சொன்னார். பதில் சொல்லவில்லை. மற்ற பதில்களுக்காகவே இடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள்.

அப்பா அன்றைக்கு நடைபாதையில் போவோர் வருவோரிடம் எல்லாம் சொன்னார். ஜெராக்ஸ்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். டீச்சர் தன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, அப்பாவைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தாள்.

சேர வேண்டிய நாளன்று அவள் அலுவலகத்துக்குப் போய், தனக்கு அந்த இடம் வேண்டாம் என்று சொன்னாள். இடம் நெட்டைக்கு வந்தது. செய்தி தெரிந்ததும் நெட்டை பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். டீச்சர் பையோடு நின்றிருந்தாள்.

"உனக்குப் பைத்தியமாடி? உங்கப்பாக்கு என்ன பதில் சொல்லுவ?"

"தெரியல." உடனே சொன்னாள். தலை சாயவில்லை.

"நான் எப்படி அங்க போய் உக்காருவேன்?"

"நீ படிச்சுதானே ரெண்டாவது வந்த?"

"ஆமா."

"அப்ப போ. அது உன்னோடது."

வேறோர் ஊரில், தான் இதுவரை ஒரு பக்கம்கூடப் படித்திராத மண்ணியல் பாடத்தில், தன்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்களோடு அவள் முதலாண்டில் சேர்ந்தாள். முதல் தேர்வில் தோற்றாள். அப்பா வெகு நாள் பேசவில்லை. பிறகு பேசினார், காரணம் கேட்டார். துறைத்தலைவர் அம்மா கேட்டார், நெட்டை பல முறை கேட்டாள். அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தோற்ற தாளை மறுபடி எழுதித் தேறினாள், சுமாரான மதிப்பெண்தான்.